ஆயுளை கூட்டுமா டென்னிஸ்? டாக்டர்கள் போட்ட கணக்கு

டென்னிஸ் என்றாலே பணக்காரர்கள் வெள்ளை டிரவுசர் போட்டுக்கொண்டு கிளப்பில் ஆடும் ஆட்டம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். சென்னை நுங்கம்பாக்கம் டென்னிஸ் ஸ்டேடியம் பக்கமாக தினமும் வேலைக்கு போகிறவர்களில் உள்ளே எட்டிப் பார்த்தவர்கள் ரொம்ப குறைவு. ஆனால் உடம்புக்கு நல்லது செய்யும் விளையாட்டுகளை வரிசை போட்டால், டென்னிஸ் முதல் வரிசையில் வந்து நிற்கிறது.

டென்மார்க் நாட்டு தலைநகர் கோபன்ஹேகனில் 8 ஆயிரத்து 577 பேரை 25 ஆண்டுகள் வரை கவனித்து வந்தனர். இதன் முடிவு 2018-ம் ஆண்டு வெளியானது. உடற்பயிற்சியே இல்லாமல் இருந்தவர்களை விட டென்னிஸ் ஆடியவர்களின் ஆயுள் சராசரியாக 9.7 ஆண்டுகள் கூடுதலாக இருந்தது. பாட்மிண்டன் ஆடியவர்களுக்கு 6.2 ஆண்டுகள், கால்பந்துக்கு 4.7, சைக்கிளுக்கு 3.7, நீச்சலுக்கு 3.4. காசு கட்டி ஜிம்முக்கு போனவர்களுக்கு ஒன்றரை ஆண்டுதான்!

இங்கிலாந்து, ஸ்காட்லாந்தில் 80 ஆயிரம் பேரிடம் நடந்த இன்னொரு ஆய்வு 2016-ல் வெளிவந்தது. டென்னிஸ், பாட்மிண்டன் மாதிரி மட்டை பிடித்து ஆடுகிறவர்கள் இதயம், ரத்தக்குழாய் நோயால் இறப்பது 56 சதவீதம் குறைவாக இருந்தது.

இதை அப்படியே நம்பி மட்டை வாங்க கிளம்பிவிட வேண்டாம். டென்னிஸ் ஆடுகிறவர் கையில் பொதுவாக காசு இருக்கும். நல்ல சாப்பாடு, நல்ல வைத்தியம், நிம்மதியான தூக்கம் எல்லாம் இருக்கும். ஆடியதால் ஆயுள் கூடியதா, வசதி இருந்ததால் கூடியதா என்று முழுசாக பிரித்து சொல்ல முடியாது. ஆய்வு செய்தவர்களும் இதை ஒப்புக்கொள்கிறார்கள்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

டென்னிஸ் மைதானம் 78 அடி நீளம். ஒற்றையர் ஆட்டத்துக்கு 27 அடி அகலம். தன் பக்கத்து பாதியை ஒரே ஆள் காக்க வேண்டும். பந்து வந்தால் பாய்ந்து ஓடணும், சட்டென்று நிற்கணும், பக்கவாட்டில் திரும்பணும். ஒரு பாயிண்ட் முடிந்ததும் சில வினாடி மூச்சு வாங்க நேரம் கிடைக்கும். இப்படி இதயத் துடிப்பு ஏறுவதும் இறங்குவதுமாக இருப்பது இதயத்துக்கு நல்ல பயிற்சி. 60 கிலோ எடை உள்ளவர் ஒரு மணி நேரம் ஒற்றையர் ஆடினால் 400 முதல் 500 கலோரி வரை செலவாகும்.

எலும்பும் பலப்படுகிறது. பல வருஷம் ஆடியவர்களின் மட்டை பிடிக்கும் கை எலும்பு, மறு கை எலும்பை விட தடிமனாக இருப்பதை எக்ஸ்ரேயிலேயே பார்த்திருக்கிறார்கள்.

இன்னொரு ரகசியம், எதிரே நிற்கும் ஆள். தனியாக நடைபயிற்சி போகிறவர் மழை தூறினால் போர்வையை இழுத்து மூடிக்கொள்ளலாம். மைதானத்தில் ஒருத்தர் மட்டையோடு காத்திருந்தால் போய்த்தானே ஆகணும். ஆட்டம் முடிந்து ஒரு டீ, நாலு வார்த்தை பேச்சு. மனசு லேசாகிவிடும்.

மூட்டை தூக்குகிறவருக்கு எதுக்கு விளையாட்டு?

"நாள் முழுக்க உடம்பு உழைக்குது, இதுக்கு மேல எதுக்கு ஆட்டம்?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் கோபன்ஹேகன் பகுதியில் 1 லட்சத்து 4 ஆயிரம் பேரிடம் நடந்த ஆய்வு, 2021-ல் வேறு மாதிரி சொன்னது. ஓய்வு நேரத்தில் உடற்பயிற்சி செய்தவர்களுக்கு மாரடைப்பு ஆபத்து குறைந்தது. வேலையில் கடுமையாக உழைத்தவர்களுக்கு அது கூடியிருந்தது. கூலி வேலையில் நினைத்தபோது நிற்க முடியாது. மணிக்கணக்கில் பாரம் தூக்கும்போது ரத்த அழுத்தம் ஏறியபடியே இருக்கும், ஓய்வும் போதாது. இதுதான் காரணமாக இருக்கலாம் என்கிறார்கள்.

'டென்னிஸ் எல்போ' கதையும் இப்படித்தான். முழங்கையின் வெளிப்பக்கம் வரும் இந்த வலிக்கு டென்னிஸ் பெயர் இருந்தாலும், டாக்டரிடம் வருகிறவர்களில் பெரும்பாலானோர் மட்டையை தொட்டதே இல்லை. பெயிண்டர், தச்சர், பிளம்பர், இறைச்சி வெட்டுபவர் என ஒரே வேலையை திரும்பத் திரும்ப கையால் செய்கிறவர்களுக்குத்தான் அதிகம் வருகிறது. கைக்கு ஓய்வும், டாக்டர் சொல்லித்தரும் பயிற்சியும் கொடுத்தால் பலருக்கு ஒரு வருஷத்துக்குள் சரியாகிவிடும்.

மட்டை, மைதான வாடகைக்கு காசு இல்லாதவர்கள் பக்கத்தில் இருக்கும் பூப்பந்து மைதானத்துக்கு போகலாம். மஞ்சள் கம்பளி பந்தில் அணிக்கு 5 பேர் ஆடும் இந்த ஆட்டம் தஞ்சாவூரில் பிறந்தது. இது மேலே சொன்ன வெளிநாட்டு ஆய்வுகளில் இடம்பெறவில்லை என்றாலும், ஓட்டமும் வியர்வையும் அதேதான்.

வயதானவர்களுக்கு இரட்டையர் ஆட்டம் நல்லது, ஓட்டம் குறையும். முழங்கால் ஜவ்வு தேய்ந்த ரோகன் போபண்ணா, யோகா செய்து வலியை சமாளித்து, 2024-ல் ஆஸ்திரேலிய ஓபன் இரட்டையர் பட்டம் வென்றபோது அவருக்கு வயது 43.

சர்க்கரை, ரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்கள் டாக்டரை பார்க்காமல் இறங்கக்கூடாது. பல வருஷம் ஓடாதவர்கள் முதல் நாளே பாய்ந்தால் குதிகால் தசைநாண் அறுந்துவிடும் ஆபத்து உண்டு. 10 நிமிடம் உடம்பை சூடேற்றிவிட்டு ஆட வேண்டும். நம்ம ஊர் வெயிலில் காலை 8 மணிக்கு முன்பு அல்லது மாலை 5 மணிக்கு மேல்தான் ஆடணும். ஆடும்போது நெஞ்சு அழுத்தினாலோ, இடது கை, தாடையில் வலி பரவினாலோ, தலை சுற்றினாலோ உடனே ஆட்டத்தை நிறுத்திவிட்டு 108-க்கு போன் போடுங்கள். 'வாயுப் பிடிப்பு' என்று சோடா குடித்துவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டாம்.