எவனுமில்லை என்கிற புனிதர்

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் ராதுல்ஃபுஸ் என்பவர் பெயரில் ஒரு புனிதரின் வரலாறு உலவத் தொடங்கியது. புனிதரின் பெயர் நெமோ. லத்தீனில் ‘நெமோ’ என்றால் ‘ஒருவருமில்லை’. கடவுளை ஒருவரும் கண்டதில்லை என்று வேதத்தில் வருகிற இடத்தில் அந்தச் சொல்லை ஓர் ஆளின் பெயராக வாசித்துவிட்டால் முடிந்தது கதை: கடவுளைக் கண்டவர் நெமோ. இப்படி இடம் இடமாகப் பொறுக்கிச் சேர்த்து, எல்லாம் வல்ல ஒரு புனிதரையே உண்டாக்கியாயிற்று. லத்தீன் படித்தவர்கள் படியெடுத்து, ஆளுக்குக் கொஞ்சம் கூட்டிப் பரப்பினார்கள். ஸ்டீபன் என்றொருவர் மட்டும் கோபம் கொண்டு மறுப்பு நூல் எழுதினார். இல்லாத ஆள் மேல் வழக்கு!

பகடியின் இலக்கணம் இங்கே முழுசாக இருக்கிறது. வேதத்துக்கு உரை சொல்லுகிற முறையை, அந்த முறையின் கருவிகளை வைத்தே கேலி பண்ணுவது. அதிகாரம் உரையில்தான் குடியிருக்கிறது என்பது அன்றைய படிப்பாளிக்குத் தெரிந்திருந்தது.

இடைக்காலத்தை ஆராய வந்த நவீனப் பேராசிரியர்களுக்கும் இந்தப் பழக்கம் தொற்றிக்கொண்டது. 1920களில் இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் டோல்கீனும் ஈ.வி. கார்டனும் மாணவர்களோடு ‘வைகிங் சங்கம்’ நடத்தினார்கள். பீர் குடிப்பது, பழைய நார்ஸ் கதைகள் வாசிப்பது, பழைய ஆங்கிலத்திலும் கோதிக்கிலும் வேடிக்கைப் பாட்டுக் கட்டி, குழந்தைப் பாட்டு மெட்டில் பாடுவது. அப்பாடல்களை 1936இல் லண்டன் மாணவர்கள் சிறு நூலாக அச்சிட்டார்கள். அமெரிக்காவின் கலமசூ நகரில் 1962இல் தொடங்கிய இடைக்கால ஆய்வு மாநாட்டில், பல ஆண்டுகள் சனிக்கிழமை இரவுகளில் ‘போலிச் சங்கம்’ என்றே ஓர் அமர்வு நடந்தது. பொய்க் கட்டுரைகளை மெய்க் கட்டுரையின் முகபாவத்தோடு வாசிப்பார்கள். பகலெல்லாம் அடிக்குறிப்பு போட்டவர்கள் இரவில் அடிக்குறிப்பைப் பார்த்துச் சிரித்தார்கள்.

ஆரோக்கியமான சிரிப்புதான். ஆனால் கோதிக் தெரியாதவன் கோதிக் பாட்டுக்குச் சிரிக்க முடியாது. சேர்ந்து சிரிக்கிறவர்களைச் சுற்றி ஒரு வேலி விழுகிறது. வேலிக்கு உள்ளே யார், வெளியே யார்?

தொண்ணூறுகளின் நம் சிறுபத்திரிகைகளைப் புரட்டினால் பக்தின் பெயர் தட்டுப்படும். ரபேலே பற்றிய ஆய்வில் நெமோவையும் துறவிகளின் பகடிகளையும் வெகுமக்கள் சிரிப்போடு சேர்த்து வாசித்தவர் அவர். 1928இல் கைதாகி, பிறகு கஸக்ஸ்தானுக்குக் கடத்தப்பட்டவர். ஆய்வேட்டை 1946 நவம்பரில் மாஸ்கோவில் முன்வைத்தபோது கடும் சர்ச்சை. கடைசியில் முனைவர் பட்டம் மறுக்கப்பட்டு, அதற்குக் கீழ்ப்பட்ட பட்டமே கிடைத்தது. நூல் வெளிவந்தது 1965இல். சிரிப்பைப் பற்றிய ஏடுகூட அதிகாரத்துக்கு ஆகவில்லை. ஆகவே சிரிப்பு என்றாலே விடுதலை, கார்னிவல் என்றாலே கலகம் என்று நாமும் சொல்லப் பழகிக்கொண்டோம்.

இங்கேதான் கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கிறது. 1466 தொட்டு இருநூறு ஆண்டுகள், ரோம் நகரக் கார்னிவலில் யூதர்களை ஓட்டப்பந்தயம் ஓடவைத்தார்கள். கூட்டம் வேடிக்கை பார்த்துச் சிரித்தது. 1668இல்தான் போப் ஒன்பதாம் கிளமெண்ட் அதை நிறுத்தினார். அதற்கு ஈடாக யூதர்கள் வரி கட்ட வேண்டியிருந்தது. ஓடினவனுக்கு அது என்ன கார்னிவல்? தலைகீழாக்கம் என்று நாம் கொண்டாடுகிற அந்த நாட்களில் ஏற்கெனவே கீழே கிடந்தவன் இன்னும் கீழே போனான். வெகுமக்கள் சிரிப்பை ஒற்றைக் குரலாக எழுதிய பக்தின் பிரதியில் இந்தக் குரல் அடங்கிப்போயிற்று.

மறுபடியும் லீட்ஸ். அங்கே ஆண்டுதோறும் கூடும் சர்வதேச இடைக்கால ஆய்வு மாநாட்டுக்கு 2017 ஜூலையில் தலைப்பு: ‘பிறன்மை’. தொடக்க மேடையில் வெள்ளையர் அல்லாதவர் யார் என்று கேட்டால், பதில் ‘நெமோ’தான். அறிமுகம் செய்தவர், தானும் இன்னொரு வயதான வெள்ளைக்காரர்தான் என்று தோன்றினால், கோடை விடுமுறையில் வெயில் காய்ந்து வந்த பிறகு பாருங்கள் என்கிற தொனியில் ஒரு ஜோக் அடித்தார். வெள்ளையரல்லாத ஆய்வாளர்கள் பலர் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். சும்மா ஒரு ஜோக்குக்கா இத்தனை கலாட்டா என்று கேட்டவர்களும் இருந்தார்கள். அடுத்த மாதமே அமெரிக்காவின் சார்லட்ஸ்வில்லில் வெள்ளை இனவாதிகள் இடைக்காலச் சின்னங்கள் வரைந்த கேடயங்களோடு ஊர்வலம் போனார்கள். ஆய்வாளர்கள் வெறும் அடிக்குறிப்பு என்று வைத்திருந்த காலம் தெருவில் ஆயுதமாக வந்து நின்றது. ஜோக்கைக் கேட்டு முகம் சுருங்கியவர்கள் எதைக் கண்டு பயந்தார்கள் என்பது அப்போதாவது புரிந்திருக்க வேண்டும்.

நெமோவைப் படைத்தவர்கள் தங்கள் படிப்பையே பந்தயம் வைத்துச் சிரித்தார்கள். லீட்ஸ் மேடையில் பந்தயம் வைக்கப்பட்டது இன்னொருவர் தோல். இரண்டையும் ‘நகைச்சுவை’ என்ற ஒரே கூடையில் போடுவது விமர்சனம் ஆகாது. ஒரு பகடியைக் கேட்டதும் சிரிப்பு வருகிறதா என்பது இரண்டாவது கேள்வி. இதில் எதை இழக்கச் சிரிக்கிறவன் தயாராக இருக்கிறான் என்பதுதான் முதல் கேள்வி. கலகம், விளிம்பு என்று எழுதிக்கொண்டு, கூட்டம் முடிந்த பிறகு டீக்கடையில் நாம் அடிக்கிற ஜோக்குகளையும் இதே கேள்வியில் உரசிப் பார்க்கலாம்.