பள்ளிக்கு அஞ்சிய பட்டாளம்

கொலை செய்தவனைத் தூக்கிலிட்ட அரசுகள் உண்டு. கொள்ளையிட்டவனைச் சிறையிலிட்ட அரசுகள் உண்டு. பள்ளிக்கூடம் நடத்தியவரைச் சுட்டுக் கொன்ற அரசும் உண்டு! நாடு ஸ்பெயின். நாள் 1909 அக்டோபர் 13. மாண்டவர் பெயர் பிரான்சிஸ்கோ பெரர்.

அந்நாளைய ஸ்பெயினை நாம் முதலில் அறிதல் வேண்டும். 1851-இல் அரசும் போப்பாண்டவரும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, பள்ளிகளில் புகட்டப்படுவது கத்தோலிக்கக் கோட்பாட்டிற்கு இணங்க இருக்கிறதா என்று கண்காணிக்கும் உரிமை மதகுருமார்க்கு வழங்கப்பட்டது. கண்காணிப்புக்குக் குறைவில்லை, கல்விக்குத்தான் குறைவு! இந்த நூற்றாண்டு அல்ல, சென்ற நூற்றாண்டு பிறந்தபோது அந்நாட்டு மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் எழுத்தறியாதவர்.

1859-இல் பார்சிலோனாவை அடுத்த அலேயா என்னும் சிற்றூரில் பிறந்தவர் பெரர். இரயில்வேயில் பணியாற்றினார், குடியரசுக் கொள்கையை ஏற்றார், அதன் விளைவாகத் தாயகம் துறந்து பாரிசு சென்றார். அங்கே ஸ்பானிய மொழி கற்பித்துப் பிழைத்தார். அவரிடம் பாடம் கேட்ட மெனியே என்னும் மாது, தம் செல்வத்தில் பெரும்பங்கை அவருக்கு எழுதி வைத்து மறைந்தார். மாளிகை வாங்கி மகிழ்ந்திருக்கலாம். பெரர் வாங்கியது மாளிகையன்று, பெஞ்சும் கரும்பலகையும்!

1901 செப்டம்பர் 8-ஆம் நாள், பார்சிலோனா நகரில் 'நவீனப் பள்ளி' திறக்கப்பட்டது. மாணவர் முப்பதே பேர்: சிறுவர் 18, சிறுமியர் 12. ஆணும் பெண்ணும் ஒரே வகுப்பில் அமர்ந்தனர். செல்வர் வீட்டுப் பிள்ளையும் தொழிலாளி பிள்ளையும் அருகருகே அமர்ந்தனர். கட்டணமோ பெற்றோரின் வசதிக்கேற்ப. ஏழைகளுக்கு மட்டும் பள்ளி வைத்தால் ஒன்று பணிவு வளரும், அன்றேல் பகை வளரும். இரண்டும் கல்வியாகா என்பது அவர் கருத்து.

தேர்வு இல்லை, பரிசு இல்லை, தண்டனையும் இல்லை. வென்றவன் செருக்கும் தோற்றவன் நாணமும் பிஞ்சு உள்ளங்களைக் கெடுக்கும் என்றார். மதபோதனைக்கு இடமில்லை, மெய்ப்பிக்கத்தக்க அறிவியலுக்கே இடம். அதற்கேற்ற பாடநூல்கள் கிடைக்காமையால் பதிப்பகம் கண்டு தாமே நூல்களை வெளியிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் மணி ஒலிக்கும் நகரத்தில், பெற்றோரும் வந்து கேட்கும் அறிவியல் சொற்பொழிவுகள் நடைபெற்றன.

ஆதிக்கம் பொறுக்குமா? 1906 மே 31-இல், மன்னர் அல்போன்சோவின் மணவிழா ஊர்வலத்தில் குண்டு வீசப்பட்டது. வீசிய மொரால், நவீனப் பள்ளியின் பதிப்பகத்தில் பணி செய்தவன். போதாதா? பெரர் சிறையேகினார், பள்ளி மூடப்பட்டது. ஓராண்டுக்குப் பின், 1907-இல், குற்றமற்றவர் என்று விடுதலை வந்தது. ஆயின் ஆசிரியருக்குக் கிடைத்த விடுதலை பள்ளிக்குக் கிடைக்கவில்லை. மீண்டும் திறக்க இசைவில்லை!

1909 ஜூலையில், மொராக்கோப் போருக்கு ஏழை வீட்டு ஆடவரைப் பிடித்தனுப்பியதால் பார்சிலோனா கொதித்தெழுந்தது. கோயில்களும் மடங்களும் எரிந்தன. கிளர்ச்சிக்குத் தலைவர் பெரரே என்றது அரசு. அக்டோபர் 9-இல் இராணுவ மன்றம் கூடியது. அவர்சார்பில் சாட்சிகள் விசாரிக்கப்படவில்லை. நான்கே நாளில் மோன்யூயிக் கோட்டையில் துப்பாக்கிகள் முழங்கின. "நவீனப் பள்ளி வாழ்க!" என்று முழங்கியவாறே அவர் சாய்ந்தார்.

பாரிசிலும் பிரசல்சிலும் இலண்டனிலும் மக்கள் வீதிக்கு வந்தனர். அம்மாதமே ஸ்பெயினின் முதலமைச்சர் மௌரா பதவியிழந்தார். 1911-இல் நியூயார்க்கில் அவர் பெயரால் பள்ளி எழுந்தது. பின்னாளில் பெரும் வரலாற்றாசிரியராய்ப் புகழ்பெற்ற வில் தூரந்த் அங்கே ஆசிரியராயிருந்தார். 1915-இல் நியூ ஜெர்சியின் ஸ்டெல்டனுக்குப் பெயர்ந்த அப்பள்ளி 1953 வரை நடந்தது.

பெரரின் பள்ளி வாழ்ந்தது ஐந்தாண்டுகூட இல்லை. முப்பது பிள்ளைகளுடன் தொடங்கிய சின்னஞ்சிறு கூடம் அது. பீரங்கி இல்லை, படை இல்லை. ஏன் அஞ்சினர்? "எதற்காக?" என்று கேட்கப் பழகிய குழந்தை, வளர்ந்தபின் மன்னனிடமும் அதையே கேட்கும், மதகுருவிடமும் கேட்கும். அதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

தோழர்களே! கரும்பலகையின் முன் நிற்கும் நாமும் அதை அறிந்திருக்கிறோமா? பிரம்பை ஓங்கி வாய்பொத்தச் சொல்லிவிட்டு, மாலையில் மேடையேறிப் பகுத்தறிவு பேசுவதில் பயனில்லை. நாளை வகுப்பில் ஒரு சிறுமி எழுந்து நம்மையே மறுத்துக் கேட்பாளாயின், அவளை உட்காரச் சொல்லாமல் விடை சொல்வோம். பெரரின் பள்ளி அங்கே மீண்டும் திறக்கும்.