கார்கிலில் விமானப்படை: தாண்டாத கோடு

'கார்கில்லயே நம்ம விமானப்படை எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டி அடிச்சிருக்கணும்' என்று எங்கள் ஆவடிப் பக்கம் இன்னும் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

1999 மே மாதம், மலையுச்சியில் இருப்பது தீவிரவாதிகள் என்றுதான் முதலில் பேச்சு. தரைப்படை ஹெலிகாப்டர் கேட்டது. விமானப்படைத் தளபதி டிப்னிஸ், அரசு அனுமதி இல்லாமல் முடியாது என்று நின்றார். (பயம் என்று திட்டியவர்களும் உண்டு!) மே 25-ல் வாஜ்பாய் சம்மதித்தார், கோட்டைத் தாண்டக்கூடாது என்ற நிபந்தனையோடு. 28-ம் தேதிக்குள் 2 மிக் விமானங்களும் 1 ஹெலிகாப்டரும் போயின. அப்போதும் தாண்டவில்லை.

மேலே இருந்தவர்களில் பெரும்பாலோர் பாகிஸ்தான் சிப்பாய்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. இரண்டு நாடுமே அணுகுண்டு சோதித்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. நாம் தாண்டாததால்தான் பின்வாங்கச் சொல்லி அமெரிக்கா பாகிஸ்தானை நெருக்கியது என்பது என் கணிப்பு.

2019 பிப்ரவரி 26-ல் பாலாகோட்டுக்காக விமானப்படை கோட்டைத் தாண்டியது. மறுநாளே பாகிஸ்தான் விமானங்கள் பதிலடிக்கு வந்தன, நம்ம அபிநந்தன் அங்கே பிடிபட்டார்.