ஒரு பருவத்துப் பூவுக்கு 300 வருஷக் கதை

ஸ்வீட் பீ-ன்னு ஒரு பூ இருக்கு. பேருல பட்டாணி இருந்தாலும் சாப்பிடற சமாச்சாரம் இல்லை. பட்டாணிக் குடும்பத்துக் கொடி, மெல்லிசான இதழ், தூக்கலான வாசனை. வெட்டி ஜாடியில வெச்சா நாலஞ்சு நாள் தாங்கும். கொடிக்கே ஆயுசு ஒரு பருவம்தான். ரோஜா மாதிரி ஒட்டுக்கட்டி வருஷக்கணக்கா காப்பாத்துற கதையெல்லாம் இங்கே கிடையாது. யாராவது விதையை எடுத்து வெச்சு மறுபடி போட்டுக்கிட்டே இருந்தால்தான் ஒரு ரகம் உயிரோட இருக்கும். அப்படிப்பட்ட பூ 300 வருஷத்தை எப்படித் தாண்டுச்சு?

கதை சிசிலித் தீவில் ஆரம்பிக்குது. பிரான்செஸ்கோ குபானி என்ற துறவி, தாவர ஆராய்ச்சியில் ஈடுபாடு உள்ளவர். அங்கே கண்ட இந்தக் கொடியை 1690களில் குறித்து வைத்தார். மேலிதழ் கருஞ்சிவப்பு, பக்க இதழ்கள் ஊதா. பூ சின்னது, வாசனை பெரிசு. 1699ல் இங்கிலாந்தில் என்ஃபீல்டு ஊர்ப் பள்ளி ஆசிரியர் ராபர்ட் யுவிடேலுக்கு விதை அனுப்பினார். அங்கிருந்து தோட்டம் தோட்டமாகப் பரவிச்சு. ஆனால் அடுத்த 150 வருஷத்துக்கு மேல பெரிசா எந்த மாற்றமும் இல்லை. விரல் விட்டு எண்ணக்கூடிய நிறங்கள்தான்.

ஏன்? காரணம் பூவுக்குள்ளேயே இருக்கு. கீழிதழ்கள் படகு மாதிரி மூடிக்கிட்டிருக்கும். மொட்டு விரியறதுக்கு முன்னாடியே உள்ளே மகரந்தச் சேர்க்கை முடிஞ்சுடும். தேனீ வந்தாலும் பெரும்பாலும் லேட்! அதனால விதை தாயைப் போலவே வரும். கலப்பு வேணும்னா ஒருத்தர் மொட்டைப் பிரிச்சு, மகரந்தப்பைகளைக் கிள்ளி எடுத்துட்டு, வேற பூவின் மகரந்தத்தைத் தடவணும்.

அந்தப் பொறுமை ஹென்றி எக்ஃபோர்ட் என்ற ஸ்காட்லாந்துத் தோட்டக்காரருக்கு (1823-1905) இருந்தது. 1870களில் ஸ்வீட் பீயைக் கையில் எடுத்தபோதே ஐம்பதை நெருங்கிட்டார். 1888ல் வெம் என்ற சின்ன ஊருக்குக் குடிபோய், பூவைப் பெரிசாக்கி, புதுப்புது நிறங்களைக் கொண்டு வந்தார். வாசனையையும் விடலை. 1900ல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் ஸ்வீட் பீக்கு 200வது ஆண்டு விழா எடுத்தாங்க. வைக்கப்பட்ட 264 ரகங்களில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக, அத்தனையும் இவர் ஒருத்தர் கைவேலை.

அடுத்த வருஷமே ஒரு அதிர்ச்சி. ஸ்பென்சர் பிரபுவின் (இளவரசி டயானா பிறந்த அதே குடும்பம், நம்ம ஸ்பென்சர் பிளாசாவுக்கும் இவங்களுக்கும் சம்பந்தமில்லை!) தோட்டக்காரர் சைலஸ் கோல், அலை அலையாகச் சுருங்கிய இதழோட ஒரு பூவைக் காட்சிக்கு வெச்சார். 'கவுன்டஸ் ஸ்பென்சர்'. பார்த்தவங்க மயங்கிட்டாங்க. ஆனால் 1904ல் விதை விற்பனைக்கு வந்தப்போ சொன்னபடி வரலை, கலப்படமா முளைச்சுது. அதே சமயம் கேம்பிரிட்ஜ் பக்கம் அன்வின் என்பவர் தோட்டத்தில் தானாகவே தோன்றிய 'கிளாடிஸ் அன்வின்' கொஞ்சம் சின்னது, அலையும் கம்மி. ஆனால் விதை சொன்ன சொல் தவறலை. விவசாயிக்கு எது முக்கியம்னு சொல்லணுமா?

1911ல் டெய்லி மெயில் பத்திரிகை சிறந்த ஸ்வீட் பீ கொத்துக்கு 1000 பவுண்டு பரிசு அறிவிச்சுது. அன்னிக்கு அது ஒரு தொழிலாளியின் பல வருஷச் சம்பளம். 30,000க்கும் மேல கொத்துகள் வந்து குவிஞ்சுது. முதல் பரிசு ஸ்காட்லாந்தின் ஸ்ப்ரௌஸ்டன் கிராமத்துப் பாதிரியார் டென்ஹாம் ஃப்ரேசரின் மனைவிக்கு. பாதிரியாருக்கு மூணாவது பரிசு! பணம் அவங்க தேவாலயத்தை விரிவாக்கப் போச்சு.

இன்னொரு பக்கம் விஞ்ஞானம். கேம்பிரிட்ஜில் பேட்சன், சாண்டர்ஸ், புன்னெட் மூவரும் ரெண்டு வெள்ளை ஸ்வீட் பீயைக் கலந்தாங்க. பிறந்தது ஊதா! ரெண்டிலும் வெவ்வேறு மரபுக்கூறு பழுது; சேர்ந்ததும் ஒன்றின் குறையை மற்றது ஈடுகட்டி, சிசிலிக் கொடியின் பழைய நிறம் திரும்பி வந்துடுச்சு. பூ நிறமும் மகரந்த வடிவமும் மெண்டல் கணக்குப்படி பிரியாம ஒட்டிக்கிட்டே போறதையும் 1905ல் அறிவிச்சாங்க. மரபணுப் பிணைப்புக்கு முதல் சாட்சி இந்தப் பூதான்.

ஆனா அலை இதழ் மோகத்தில் பல புது ரகங்களில் வாசனை குறைஞ்சு போச்சு. 1900 விழாவில் நின்ன பல ரகங்கள் விதை போட ஆளில்லாம காணாமலே போச்சு. 'குபானி' என்ற பேரில் ஊதா ரகத்து விதை இன்னும் கிடைக்குதுன்னா, யாரோ சிலர் வருஷா வருஷம் விடாம போட்டதுதான் காரணம்.

குளிர்ப் பிரதேசத்தில் இருக்கறவங்க முயற்சி பண்ணலாம். விதைத்தோல் கெட்டி, லேசா கீறி விட்டா சீக்கிரம் முளைக்கும். வேர் நீளமாப் போகும், அதனால ஆழமான தொட்டி வேணும். நாலு இலை விட்டதும் நுனியைக் கிள்ளுங்க. பூவைத் தினமும் வெட்டுங்க. காய் பிடிச்சா வேலை முடிஞ்சுதுன்னு கொடி பூக்கறதை நிறுத்திடும். கடைசியில நாலஞ்சு காயை மட்டும் அடுத்த வருஷத்துக்கு விட்டு வைங்க. பட்டாணின்னு நினைச்சு வாயில போட்டுடாதீங்க, விதையில விஷம் இருக்கு. வீட்டுல குழந்தைங்க இருந்தா டப்பாவை மேல் தட்டில் வைங்க.