ஊர்ப்பேச்சும் ஆங்கிலப் பாடமும்



நான் முப்பத்து நான்கு ஆண்டுகள் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தவன். என் மாணவர்களை மிகுதியும் துன்புறுத்திய இலக்கணப் பகுதி எது என்று கேட்டால், ஒருவர் கூற்றை மற்றொருவர் எடுத்துரைக்கும் முறையே என்று தயங்காமல் சொல்வேன். நேர்கூற்று, அயற்கூற்று என்று அதனைத் தமிழில் வழங்குகிறோம். பாடநூலில், 'நான் நாளை வருவேன்' என்று இராமன் கிருஷ்ணனிடம் சொன்னதாகப் பத்து வாக்கியங்கள் இருக்கும். 'நான்' என்பது 'அவன்' ஆக வேண்டும். 'நாளை' என்பது 'மறுநாள்' ஆக வேண்டும். வினைச்சொல் காலத்தில் ஒரு படி பின்னே செல்ல வேண்டும். மாணவர்கள் கணக்குப் போடுவது போல் இதனைப் போடுவார்கள். விடையும் சரியாகவே இருக்கும். ஆனால் வகுப்பைவிட்டு வெளியே சென்ற பின் அம்முறையில் ஒரு வாக்கியம் பேசியவர் எவரையும் நான் கண்டதில்லை. பேச வேண்டிய தேவை எழவில்லை. இராமன் மறுநாள் வந்தால் என்ன, வராவிட்டால்தான் என்ன?

இக்குறையை நீக்க வழி தேடிக்கொண்டிருந்தபோது அமெரிக்கப் பேராசிரியர் ஜான் ஹெரால்டு புருன்வண்டு 1981-இல் வெளியிட்ட நூல் ஒன்று என் கைக்கு வந்தது. நாட்டார் வழக்காற்றை ஆராய்ந்த அவர், நகரங்களில் வாய்மொழியாய் உலவும் கதைகளைத் தொகுத்து ஆராய்ந்திருந்தார். அத்தகைய கதைகளை ஆங்கிலத்தில் 'அர்பன் லெஜண்டு' என்பர். நாம் ஊர்ப்பேச்சு என்றே சொல்லலாம். அந்நூலின் பெயருக்குக் காரணமான கதை இது: நள்ளிரவில் சாலையோரம் நின்ற ஒரு பெண்ணை ஒருவர் தம் மோட்டார் வண்டியில் ஏற்றிக்கொள்கிறார். அவள் சொன்ன வீட்டின் முன் வண்டி நின்றதும் திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம். வீட்டாரோ, அவள் இறந்து பல ஆண்டுகள் ஆயின என்கிறார்கள். கலிபோர்னியாவைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர் இருவர் 1942-இலேயே இக்கதைக்கு 79 வடிவங்களைத் திரட்டி வெளியிட்டனர். சொன்னவர் எவரும் அவ்வண்டியில் இருந்தவர் அல்லர். ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்தவருக்குத் தெரிந்தவருக்கு நேர்ந்தது என்றே சொன்னார்கள். இங்கிலாந்தில் ராட்னி டேல் என்பவர் 1978-இல் எழுதிய நூலில் இம்மறைவான சாட்சிக்கு 'நண்பரின் நண்பர்' என்று பெயர் சூட்டினார்.

இக்கதையை எளிய ஆங்கிலத்தில் எழுதி வகுப்பில் படித்தேன். படித்து முடிக்குமுன் பின்வரிசையிலிருந்து ஒரு மாணவர் எழுந்து, "ஐயா, எங்கள் ஊர்ப் புளியமரத்தடியிலும் இப்படி நடந்ததாம்!" என்றார். "அதை ஆங்கிலத்தில் சொல்லுங்கள்" என்றேன். அவர் சொன்ன ஆங்கிலத்தைத் தமிழாக்கினால் 'எங்கள் ஊரில் இப்படி நடந்தது' என்று வரும். கதை முழுமையாக வந்துவிட்டது; ஓர் உறுப்பு மட்டும் வழியில் விழுந்துவிட்டது. அது 'நடந்ததாம்' என்பதன் இறுதியிலிருந்த 'ஆம்'.

இந்த 'ஆம்' நம் மொழியின் பெருஞ்செல்வங்களுள் ஒன்று. 'வந்தான்' என்றால் அச்செய்திக்கு நானே பொறுப்பு. 'வந்தானாம்' என்றால் பிறர் சொல்லக் கேட்டேன், பொறுப்பு அவர்களுடையது என்று பொருள். ஆங்கில வினைச்சொல்லின் இறுதியில் இத்தகைய உறுப்பு இல்லை. அங்கே 'தே ஸே' என்றோ, 'இட் இஸ் செட்' என்றோ, 'ஐ ஹெர்ட்' என்றோ தனிச் சொற்களைத் தேடி எடுத்து வாக்கியத்தில் வைக்க வேண்டும். வைக்க மறந்தால் இலக்கணப் பிழை எதுவும் நேராது. ஆசிரியரின் சிவப்பு மை அதனைத் தொடாது. வாக்கியம் செம்மையாக நிற்கும். கேள்விப்பட்ட செய்தி கண்ட செய்தியாகிவிடும். பாடநூல் என் மாணவர்க்குக் கற்பிக்கத் தவறியது இதனையே என்று உணர்ந்தேன். அன்று முதல் இராமனையும் கிருஷ்ணனையும் விட்டு, வதந்திகளைப் பாடமாக்கினேன்.

அவற்றுள் சிறந்தவை 1914-ஆம் ஆண்டின் வதந்திகள். முதல் உலகப் போர் தொடங்கிய சில வாரங்களில் இங்கிலாந்து முழுவதும் ஒரு பேச்சுப் பரவியது. இரஷ்யப் படைகள் பல்லாயிரக்கணக்கில் ஸ்காட்லாந்தில் இறங்கி, திரையிட்ட இரயில் வண்டிகளில் இரவோடிரவாகத் தெற்கே சென்று, பிரான்சு நாட்டுப் போர்முனையை அடைகின்றன என்றார்கள். அவர்களுடைய பூட்சுகளில் பனி ஒட்டியிருந்ததைக் கண்டவர்களும் உண்டாம். மாதமோ ஆகஸ்டு! 1914 செப்டம்பர் 15-இல் அரசின் செய்தித் துறை இதனை மறுத்து அறிக்கை விட வேண்டியதாயிற்று. இப்பேச்சு பிறந்த விதத்தைப் பற்றி ஒரு விளக்கம் வழங்குகிறது. ஸ்காட்லாந்தின் வடபகுதியில் ராஸ்ஷர் என்றொரு மாவட்டம் உண்டு. இரயில் நிலையத்தில், 'எங்கிருந்து வருகிறீர்கள்?' என்று கேட்டவருக்கு அம்மாவட்டத்துச் சிப்பாய் தம் ஊர்ப் பெயரைச் சொல்ல, கேட்டவர் காதில் அது 'ரஷ்யா' என்று விழுந்ததாம். இவ்விளக்கமும் ஒரு வதந்தியாகவே இருக்கக்கூடும். ஆயினும் உச்சரிப்புப் பாடத்திற்கு இதனினும் நல்ல சான்று எனக்குக் கிடைத்ததில்லை. அவ்விரு சொற்களையும் மாணவர்கள் ஒருவர் காதில் ஒருவர் முணுமுணுத்துப் பார்த்த நாளில் வகுப்பில் எழுந்த சிரிப்பு அடுத்த அறைக்கும் கேட்டது.

இரண்டாவது கதை இன்னும் ஆழமானது. 1914 ஆகஸ்டு 23-இல் பெல்ஜியத்தின் மான்ஸ் நகரருகே ஆங்கிலப் படை தன்னினும் பெரிய ஜெர்மானியப் படையை எதிர்த்து நின்று, பின் வாங்க நேர்ந்தது. அம்மாத இறுதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பின்வாங்கலைப் பற்றிய செய்தியைப் படித்து மனம் கலங்கிய ஆர்தர் மேக்கன் என்னும் எழுத்தாளர் ஒரு சிறுகதை எழுதினார். அது லண்டன் 'ஈவினிங் நியூஸ்' பத்திரிகையில் செப்டம்பர் 29-இல் வெளிவந்தது. 1415-ஆம் ஆண்டு அஜின்கோர்ட்டில் போரிட்ட வில்லாளிகள் ஒளிவீசும் உருவங்களாகத் தோன்றி, பகைவரை அம்பெய்து வீழ்த்தினர் என்பது கதை. கதை என்ற குறிப்பு அதில் இல்லை.

பின் நிகழ்ந்தவற்றை மேக்கனே 1915-இல் வெளியிட்ட தம் நூலின் முன்னுரையில் விவரித்திருக்கிறார். பாதிரியார் ஒருவர், அதனைத் தனி வெளியீடாக அச்சிட விரும்பி, இச்செய்திக்கு ஆதாரம் எது என்று ஒரு முன்னுரை எழுதித் தருமாறு கேட்டார். ஆதாரம் ஏதும் இல்லை, முழுவதும் என் கற்பனை என்று மேக்கன் விடையெழுதினார். பாதிரியார் ஒப்பவில்லை. நீங்கள் தவறாக எண்ணுகிறீர்கள், அடிப்படைச் செய்தி உண்மையாகத்தான் இருக்க வேண்டும் என்ற கருத்தில் மறுமொழி வந்தது! வில்லாளிகள் நாளடைவில் தேவதூதர்கள் ஆனார்கள். மேடைகளிலும் கோயில்களிலும் இச்செய்தி முழங்கியது. கண்ணால் கண்டவர் யார் என்று கேட்டால், ஓர் அதிகாரி, ஒரு செவிலி, ஒரு சீமாட்டிக்குத் தெரிந்தவர் என்ற விடையே கிடைத்தது. படைத்தவனே மறுத்தும் கதை அவனைக் கேட்கவில்லை. அம்முன்னுரையைப் படிக்குந்தோறும் எனக்கு நகையும் வருகிறது, அச்சமும் வருகிறது.

இவற்றை நான் கற்பித்த முறை எளியது. ஐந்து மாணவர்களை வெளியே அனுப்பிவிட்டு, ஆறாமவருக்குக் கதையைப் படித்துக் காட்டுவேன். அவர் முதலாமவரை அழைத்து ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். கேட்டவர் அடுத்தவருக்குச் சொல்ல வேண்டும். ஏனையோர் ஒவ்வொரு முறையும் விழுந்த சொற்களைக் குறித்துக்கொள்வார்கள். இது நான் கண்ட புதுமை அன்று. கேம்பிரிட்ஜில் உளநூற் பேராசிரியராக விளங்கிய பார்ட்லெட், நினைவைப் பற்றித் தாம் 1932-இல் வெளியிட்ட நூலில் இத்தகைய சோதனைகளை விளக்கியிருக்கிறார். வட அமெரிக்கப் பழங்குடியினரின் கதை ஒன்றைப் படித்துத் திருப்பிச் சொன்ன ஆங்கிலேயர் வாயில், மரத்தோணி சாதாரணப் படகாயிற்று. கடல்நாய் வேட்டை மீன்பிடிப்பாயிற்று. என் வகுப்பிலோ முதலில் விழுந்தது பெரும்பாலும் 'அவர் சொன்னார்' என்பதுதான். மூன்றாம் மாணவரிடம் வருவதற்குள் சொன்னவர் மறைந்துவிடுவார். ஐந்தாமவர் வாயில் இரஷ்யர்கள் உண்மையாகவே வந்து இறங்கிவிடுவார்கள். எங்கே விழுந்தது என்று கண்டுபிடித்து, அவ்விடத்தில் உரிய ஆங்கிலச் சொல்லை மீண்டும் வைப்பதே அன்றைய பாடம். இராமன் வாக்கியங்களில் உறங்கியவர்கள் இதில் போட்டி போட்டார்கள்.

இனி என் தவற்றைச் சொல்ல வேண்டும்.

ஒரு நாள் மாணவி ஒருவர், "அந்த மாதத்தில் நம் நாட்டில் வதந்தி எதுவும் பிறக்கவில்லையா?" என்று கேட்டார். நான் மகிழ்ந்து, எம்டன் கப்பலின் கதையை ஆங்கிலத்தில் சொன்னேன். மேக்கனின் கதை லண்டனில் அச்சாவதற்குச் சரியாக ஒரு வாரம் முன்பு, 1914 செப்டம்பர் 22-ஆம் நாள் இரவு ஒன்பதரை மணியளவில், கேப்டன் பான் முல்லரின் தலைமையில் அந்த ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைக் கடற்கரையை நெருங்கி நூற்றுக்கு மேற்பட்ட குண்டுகளை வீசியது. துறைமுகத்தருகே இருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் தீப்பற்றி எரிந்தன. உயிர்ச்சேதமும் உண்டாயிற்று. மக்கள் ஆயிரக்கணக்கில் நகரைவிட்டு ஓடினர். நவம்பர் 9-இல் ஆஸ்திரேலியக் கப்பலாகிய சிட்னி அதனைக் கோகோஸ் தீவருகே அழித்தது. ஆனால் துணிச்சலும் தந்திரமும் மிக்கவனைக் குறிக்கும் சொல்லாக 'எம்டன்' தமிழில் நிலைத்துவிட்டது. இவ்வளவும் சொல்லி, "அக்கப்பலில் செண்பகராமன் பிள்ளை இருந்தார்" என்று முடித்தேன்.

அம்மாணவி எழுந்து, நான் கற்பித்த ஆங்கிலத்திலேயே, "யார் பார்த்தார்கள், ஐயா?" என்றார்.

என்னிடம் விடை இல்லை. விடுமுறையில் நூல்களைப் புரட்டினேன். திருவனந்தபுரத்தில் 1891-இல் பிறந்து, 1934-இல் பெர்லினில் மறைந்த அப்பெருமகனார், 1914 செப்டம்பரில் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் இந்திய விடுதலைக்காகக் குழு அமைத்துப் பாடுபட்டுக்கொண்டிருந்தார். எம்டனோ அப்போது வங்கக் கடலில் உலவியது. அவர் அக்கப்பலில் இருந்ததற்கு ஏற்கத்தக்க ஆதாரம் இல்லை. அவருடைய தொண்டின் பெருமைக்கு அக்கதை தேவையும் இல்லை.

அக்கதையை எனக்குச் சொன்னவர் என் பாட்டியார். குண்டு விழுந்த இரவில் அவருக்குப் பதினான்கு வயது. தம்புச்செட்டித் தெருவில் குடியிருந்தார். விடிவதற்குள் குடும்பம் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு காஞ்சிபுரத்திற்குப் புறப்பட்டது. அவர் பேசிய முறையை நினைவுக்குக் கொண்டுவந்து பார்த்தேன். 'வானம் சிவந்தது, சன்னல் கதவு அதிர்ந்தது, அம்மா அழுதாள்' என்பார். 'கோட்டையைக் குறிவைத்தானாம், நம்மவர் ஒருவரும் கப்பலில் இருந்தாராம்' என்பார். எழுதப் படிக்கத் தெரியாத அக்கிழவியார், கண்டதையும் கேட்டதையும் ஒருமுறைகூடக் கலக்கவில்லை. கலந்தவன், இரண்டு மொழி கற்ற பேரன். கல்லூரி திறந்ததும் அம்மாணவியிடம் பிழையை ஒப்புக்கொண்டு, அவ்வாக்கியத்தைக் கரும்பலகையில் திருத்தி எழுதினேன்.

நான் ஓய்வு பெற்ற பின், 2018-இல், குழந்தைகளைக் கடத்தும் கூட்டம் வந்திருப்பதாக ஒரு செய்தி வாட்ஸாப் வழியே நாடெங்கும் பரவியது. அவ்வாண்டு மே மாதத்தில் திருவண்ணாமலை மாவட்டத்தில், கோயிலுக்குச் சென்ற குடும்பத்தைச் சேர்ந்த ஒரு மூதாட்டி, வழியிலே குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். அதனைக் கண்டவர்கள் கூடி அவரை அடித்துக் கொன்றுவிட்டார்கள். வேறு மாநிலங்களிலும் இவ்வாறு உயிர்கள் போயின. ஜூலையில் அந்நிறுவனம், ஒருவர் பெற்று மற்றொருவருக்கு அனுப்பும் செய்தியின்மீது 'ஃபார்வர்டட்' என்ற சொல் தோன்றுமாறு செய்தது. அதைக் கண்டதும் எனக்குப் பாட்டியாரின் 'ஆம்' நினைவுக்கு வந்தது.

அன்று என்னைக் கேள்வி கேட்ட மாணவி இப்போது ஒரு பள்ளியில் ஆங்கில ஆசிரியை. அச்செய்தியையே தம் ஒன்பதாம் வகுப்பில் பாடமாக வைத்ததாக எனக்குக் கடிதம் எழுதியிருந்தார். 'பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போகிறார்களாம்' என்பதை ஆங்கிலமாக்கச் சொன்னாராம். பிள்ளைகள் 'தே' என்று எழுவாயை எழுதினார்கள். அந்த 'தே' யார் என்று ஒரு சிறுவன் கேட்டான். பிடிப்பவர்களா, பேசுபவர்களா என்று மாணவர்கள் நெடுநேரம் வாதிட்டார்கள். மணி அடித்தபோது வாக்கியம் கரும்பலகையில் பாதியில் நின்றதாம். அழிக்க வேண்டாம், நாளை தொடரலாம் என்று பிள்ளைகளே கேட்டுக்கொண்டார்கள் என்று எழுதியிருந்தார்.