எட்டு லட்சத்துக்குக் கீழே

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய அமெரிக்காவில் மான் வேட்டைக்குப் போக நினைத்தவர் முன் இரண்டு வழிகள் இருந்தன. 1936-இல் வந்த வின்செஸ்டர் மாடல் 70 மாதிரி ஒரு புது வேட்டைத் துப்பாக்கியைக் கடையில் வாங்கலாம். இல்லையென்றால் ராணுவம் கழித்துவிட்ட 1903 ஸ்பிரிங்ஃபீல்டை மலிவாக வாங்கி, நீண்ட மரக்கட்டையை அறுத்து, குழலைக் குறைத்து, தொலைநோக்கி மாட்டிக்கொள்ளலாம். இப்படி மாற்றியதற்கு "ஸ்போர்ட்டர்" என்று பெயர். அளவான சம்பளக்காரர்கள் பலர் இரண்டாவது வழியில்தான் போனார்கள். நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

சிக்கல் என்னவென்றால், கட்டை, குழல், குறிமுள் எல்லாவற்றையும் மாற்றினாலும் ரிசீவர் மட்டும் பழையதாகவே இருக்கும். தோட்டா வெடிக்கும்போது பின்னோக்கி வரும் விசையைத் தாங்குவது அந்த எஃகுத் துண்டுதான். சுடுபவரின் முகம் அதிலிருந்து சில அங்குலம் தள்ளி இருக்கிறது.

1917-இல் சில ஸ்பிரிங்ஃபீல்டுகளின் ரிசீவர்கள் கண்ணாடி மாதிரி நொறுங்கின. விசாரித்தபோது காரணம் உலைக்களத்தில் கிடைத்தது. எஃகு பதமான சூட்டுக்கு வந்துவிட்டதா என்பதை அனுபவசாலிகள் அதன் நிறத்தை வைத்தே முடிவு செய்தார்கள். நம்மூர்க் கொல்லர் அரிவாளுக்குப் பதம் பார்ப்பதும் அப்படித்தான். ஆனால் நல்ல வெயில் நாளில் பழுத்த இரும்பின் நிறம் கண்ணுக்கு மங்கித் தெரியும். "இன்னும் கொஞ்சம் சூடு ஏறட்டும்" என்று விட்டுவிடுவார்கள். வெப்பமானி வைத்து அளந்தபோது, வெயில் நாளுக்கும் மேகமூட்ட நாளுக்கும் 300 டிகிரி ஃபாரன்ஹீட் வரை வித்தியாசம் வந்தது. கல்லூரியில் உலோகவியல் படித்த எனக்கு இதை வாசித்தபோது உடம்பு சிலிர்த்தது. வானிலை ஒரு துப்பாக்கிக்குள் போய் உறைந்து கிடக்கிறது!

1918-இல் முறையை மாற்றினார்கள். ஸ்பிரிங்ஃபீல்ட் ஆலையில் 8,00,000-க்கும், ராக் ஐலண்ட் ஆலையில் 2,85,507-க்கும் கீழே எண் உள்ளவை சந்தேகப் பட்டியலுக்குப் போயின. மொத்தம் பத்து லட்சத்துக்கும் மேல். ராணுவ அதிகாரி ஜூலியன் ஹாட்சர் 1917 முதல் 1929 வரை வெடித்த 68 ரிசீவர்களைத் தன் நூலில் பட்டியலிட்டார். பத்து லட்சத்தில் 68 சொற்பம்தான். ஆனாலும் உடைக்காமல் எது கெட்டது என்று கண்டுபிடிக்க நம்பகமான வழி இல்லை. 1928-இல் ராணுவம் எடுத்த முடிவும் அரைகுறைதான்: படையிடம் இருப்பவை இருக்கட்டும், பழுதுபார்க்கத் திரும்பி வந்தால் மறுபடி கொடுக்க வேண்டாம்.

அதற்குள் பல துப்பாக்கிகள் வீடுகளுக்குப் போய்விட்டன.

புதுசு என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்றும் இல்லை. 1964-இல் வின்செஸ்டர் செலவைக் குறைக்க மாடல் 70-இன் வடிவமைப்பை மாற்றியது. வேட்டைக்காரர்கள் "1964-க்கு முந்தியது" என்று கேட்டு வாங்க ஆரம்பித்தார்கள். ஆனால் அங்கே போனது பெயரும் நம்பிக்கையும்தான். ஸ்பிரிங்ஃபீல்டில் பணயம் வைத்தது கண்ணை.

ரம்பத்தை எடுக்கும் முன் ரிசீவர் வளையத்தின் மேலிருக்கும் எண்ணைப் படித்திருந்தால் போதும். ஆனால் அந்தக் கொட்டகையில் நான் நின்றிருந்தால் முதலில் எதைப் படித்திருப்பேன் என்று யோசிக்கிறேன். விலைச்சீட்டைத்தான்.