மண் சொன்ன சாட்சி

1976. அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்துப் பத்தூர். இடிந்து மேடாகிப்போன விசுவநாத சுவாமி கோயில் இருந்த இடத்தில், மாட்டுக் கொட்டகை போடுவதற்காக ஒரு கூலித் தொழிலாளி மண் வெட்டிக்கொண்டிருந்தார். மண்வெட்டி எதிலோ ணங்கென்று இடித்தது. தோண்டிப் பார்த்தால் நடராசர். உடன் வேறு சில செப்புத் திருமேனிகளும் இருந்தன. படையெடுப்புக்கு அஞ்சிய காலங்களில் திருமேனிகளைக் கோயில் மண்ணிலேயே புதைத்துக் காத்த ஊர்கள் தமிழ்நாட்டில் ஏராளம். பத்தூர் நடராசரும் அப்படி உள்ளே போனவராகத்தான் இருக்க வேண்டும். 12, 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வார்ப்பு.

கண்டெடுத்தவர் கிராம அலுவலரிடம் போகவில்லை. நிலமில்லாதவர், குடிசைவாசி. செய்தி தரகர்கள் காதுக்குப் போனது. அவர்கள் கைமாற்றிக் கைமாற்றிச் சிலையைக் கடல் கடத்தினார்கள். 1982இல் அது லண்டனில் இருந்தது. பொய்யான பூர்வீகம் சொல்லும் காகிதங்களோடு ஒரு வியாபாரி அதை விற்க, கனடாவின் பம்ப்பர் டெவலப்மென்ட் கார்ப்பரேஷன் என்ற நிறுவனம் வாங்கியது. பழுதுபார்ப்புக்காக பிரிட்டிஷ் மியூசியத்துக்குக் கொடுத்திருந்தபோது லண்டன் போலீஸ் சிலையைக் கைப்பற்றியது.

அதன் பிறகுதான் வழக்கின் உயிரான கேள்வி வந்தது. இது பத்தூர் நடராசர்தான் என்பதை எப்படி நிரூபிப்பது? ஸ்ரீபுரந்தான் நடராசரை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்திலிருந்து 2014இல் மீட்க முடிந்ததென்றால், புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் முன்பே எடுத்து வைத்திருந்த புகைப்படம் அதற்குப் பெருந்துணை. பத்தூர்ச் சிலைக்கு அந்த வழியில்லை. பல நூற்றாண்டுகள் மண்ணுக்குள் கிடந்ததை யார் படம் எடுத்திருக்க முடியும்?

சாட்சி சொன்னது மண். சிலையின் மேல் ஒட்டி இறுகியிருந்த மண்ணையும் பத்தூர் மண்ணையும் வல்லுநர்கள் ஒப்பிட்டார்கள். அதே குழியில் கிடைத்து, தமிழகப் போலீஸ் மீட்டிருந்த மற்றத் திருமேனிகளோடு உலோகத்தையும் வார்ப்பையும் ஒப்பிட்டார்கள். கரையான் விட்டுப்போன தடத்தைக்கூட விடவில்லை. தமிழகத் தொல்லியல் துறையின் இயக்குநராக இருந்த இரா. நாகசாமி நேரில் போய்ச் சாட்சியம் அளித்தார். 1988இல் லண்டன் உயர் நீதிமன்றத்தில் தீர்ப்பு சாதகமாக வந்தது. இடிபாடுகளில் எஞ்சியிருந்த சிவலிங்கமே ஒரு வழக்காளியாக நின்று வென்ற வழக்கு அது. 1991இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் கோயிலின் உரிமையை உறுதி செய்தது. அந்த ஆண்டிலேயே நடராசர் தமிழ்நாடு திரும்பினார்.

இந்தக் கதையை நான் சொல்வது மெட்டல் டிடெக்டர் வாங்க நினைப்பவர்களுக்காக. இடையில் வாங்கிய யாராவது ஒருவர் பித்தளைக் குடத்தைத் தேய்ப்பதுபோல அந்தச் சிலையைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கியிருந்தால், பத்தூர் வழக்கின் முக்கியச் சாட்சி வாய்க்காலோடு போயிருக்கும். மண்ணிலிருந்து வந்ததைக் கழுவாதீர்கள். இந்தப் பொழுதுபோக்கில் நான் முதலில் கற்றுக்கொடுக்க விரும்புவது இதைத்தான்.

எங்கள் திருமுக்கூடலில் பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகின்றன. ஆண்டின் பெரும்பகுதி கண்ணுக்கெட்டிய வரை மணல். இந்த மணலைப் பார்த்தால் கருவியோடு இறங்கி நடக்கும் ஆசை யாருக்கும் வரும். தவறான ஆசை இல்லை. கருவியின் கீழ்வட்டில் இருக்கும் சுருளில் மாறுமின்னோட்டம் ஓடி, மண்ணுக்குள் காந்தப்புலத்தைச் செலுத்துகிறது. அங்கே உலோகம் இருந்தால் அதில் சிறு மின்னோட்டம் பிறந்து மறுபுலம் எழும்பும். அதைத்தான் நாம் பீப் என்று கேட்கிறோம். ஒரு நாணயம் என்றால் சாதாரணக் கருவிக்கு ஏறக்குறைய ஒரு சாண் ஆழம் வரை கேட்கும். ஆற்று மணலில் கருமணல் வரிவரியாகப் படிந்திருக்கும். அதில் காந்தத்தன்மையுள்ள இரும்புத்தாது இருப்பதால் கருவி காரணமில்லாமல் கத்தும். ஒவ்வொரு இடத்திலும் ‘கிரவுண்ட் பேலன்ஸ்’ சரிசெய்துவிட்டுத் தொடங்க வேண்டும். வட்டு தரையை ஒட்டி, ஏறாமல் இறங்காமல், மெதுவாகப் போக வேண்டும். ஒரு வீச்சின் பாதியை அடுத்த வீச்சு மறைக்க வேண்டும். ஒலி வந்தால் குறுக்கே திரும்பி நின்று மறுபடி வீசிப் பாருங்கள். இரண்டு திசையிலும் ஒரே இடத்தில் அழுத்தமாகக் கேட்டால்தான் கை வைக்கலாம்.

மணலில் பெரும்பாலும் கிடைப்பது பாட்டில் மூடி, அலுமினியத் தாள், ஆணி. அலுமினியத் தாளின் ஒலியும் மெல்லிய தங்க மோதிரத்தின் ஒலியும் கருவிக்கு ஏறக்குறைய ஒன்றுதான். குப்பை வேண்டாமென்று அந்த ஒலியை அடைத்துவிட்டால் மோதிரமும் போய்விடும். ஆகவே குப்பையையும் எடுக்கத்தான் வேண்டும். எடுத்ததைப் பையில் போட்டுக் கரைக்குக் கொண்டுவருவதும், குழியை மூடுவதும் நம் பொறுப்பு. குளிக்கும்போது ஒருவர் தொலைத்த மெட்டியையோ தோட்டுத் திருகையோ தேடிக் கொடுப்பதைவிட இந்தக் கருவிக்கு நல்ல வேலை எனக்குத் தெரியாது. சொந்த நிலம், அல்லது உரிமையாளர் சம்மதித்த நிலம் இன்னும் நல்லது. ஆறு புறம்போக்கு என்றால் அனுமதி கேளுங்கள்.

கோயில் பக்கம் மட்டும் போகவே கூடாது. இங்குள்ள வெங்கடேசப் பெருமாள் கோயில் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. உரிமமில்லாமல் அங்கே ஒரு பிடி மண்ணைக்கூடத் தோண்ட முடியாது. சட்டத்துக்கு அப்பாலும் ஒரு காரணம் உண்டு. அந்தக் கோயில் சுவரில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 15 படுக்கை கொண்ட மருத்துவமனையையும், அதன் மருத்துவர், அறுவை செய்பவர், பணிப்பெண்கள் பெறும் ஊதியத்தையும், இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகளையும், வேதம் கற்கும் மாணவர் விடுதியையும் அது பேசுகிறது. ஏறக்குறைய 950 ஆண்டுகளாக அது அதே சுவரில் இருப்பதால்தான் இந்த ஊரில் ஒரு ஆதுலர் சாலை நடந்ததை நாம் அறிகிறோம். அந்தக் கல்லைப் பெயர்த்து எங்கோ ஒரு வரவேற்பறையில் வைத்திருந்தால் ஊருக்கும் அதற்கும் என்ன உறவு? மண்ணுக்குள் கிடக்கும் செப்புக்காசும் அப்படித்தான். எந்தப் படிவில், எந்தப் பானையோட்டுக்குப் பக்கத்தில் கிடந்தது என்பது அதன் சரித்திரத்தில் பாதி.

ஆகவே, தோண்டும்போது ஒரு பானை விளிம்போ, அடுக்கிய செங்கல்லோ, ஒரே இடத்தில் இரண்டு மூன்று பழங்காசுகளோ தென்பட்டால் அந்த இடத்தில் நிறுத்திவிடுங்கள். பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்துப் படம் எடுங்கள். செல்போனில் இடக்குறி எடுங்கள். மண்ணைத் தள்ளி மூடிவிட்டு கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லுங்கள். 1878ஆம் ஆண்டு புதையல் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. மண்ணில் மறைந்திருந்து கிடைத்தது 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதென்றால், என்ன, எவ்வளவு, எங்கே, எந்த நாளில் என்று ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறை. உரிமையாளர் யாரும் இல்லையென்று முடிவானால், கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கும் நிலத்துக்காரருக்குக் கால் பங்கும் தர அதே சட்டத்தில் இடமிருக்கிறது. அரசு எடுத்துக்கொண்டாலும் பொருளின் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் தர வேண்டும். பத்தூர்த் தொழிலாளிக்கு இதை யாராவது சொல்லியிருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

இங்கிலாந்தில் 2009இல் ஒருவர் டிடெக்டரோடு ஸ்டாஃபோர்ட்ஷையர் வயலில் நடந்து பெரிய ஆங்கிலோ-சாக்சன் பொற்குவியலைக் கண்டார். முறைப்படி அறிவித்தார். தொல்லியலாளர்கள் அதே வயலில் அகழ்ந்தார்கள். அருங்காட்சியகங்கள் கொடுத்த 32.85 லட்சம் பவுண்டை அவரும் நிலத்துக்காரரும் பகிர்ந்துகொண்டார்கள். நம் பக்கம் இந்த நம்பிக்கை இன்னும் வளரவில்லை. 2020 டிசம்பரில் உத்திரமேரூர் குழம்பேஸ்வரர் கோயில் திருப்பணியில் அரைக் கிலோவுக்கு மேல் தங்கம் கிடைத்தபோது, சாமி நகை சாமிக்கே என்று ஊரார் கொடுக்க மறுத்தார்கள். போலீசோடு வந்துதான் அதிகாரிகளால் கருவூலத்துக்கு எடுத்துப்போக முடிந்தது. ஊராரின் அச்சம் எனக்குப் புரிகிறது. கொடுத்த பொருள் எங்கே இருக்கிறது, எப்போது பார்க்கலாம் என்று ரசீதோடு சொல்லும் அலுவலகம் இருந்தால் அந்த அச்சம் பாதியாகும்.

பத்தூர் நடராசரும் லண்டனிலிருந்து பத்தூருக்குப் போகவில்லை. திருவாரூரில் உள்ள சிலைப் பாதுகாப்பு மையத்துக்குத்தான் போனார். சொந்த ஊர் அங்கிருந்து வெகுதூரமில்லை.